போர்டுல இன்னும் ஒரு ரவுண்டு

நர்ஸ்: கையை ஆட்டாம வை. ஆட்டுனா போன ரேஸ் காயத்துக் கட்டு முழங்கையில நிக்காது, கழுத்துக்கு ஏறிடும்.

பெயின்டர்: நான் ஆட்டல சிஸ்டர். அதுவா ஆடுது.

லிஃப்ட்: கை மட்டுமா? நீ உக்காந்திருக்கிற பழைய டயரும் சேர்ந்துல்ல ஆடுது.

பெயின்டர்: சூடு ஏத்திக்கிறேன்டா. ரேஸ் பைக் டயருக்கு மட்டும் கம்பளி போத்தி கரண்ட் குடுத்து சூடு பண்றீங்க. ஓட்டுறவனுக்கு ஒண்ணும் கிடையாதா?

நர்ஸ்: காலையிலேர்ந்து குடிச்ச டீ போதாதா?

லிஃப்ட்: குடிச்சது எல்லாம் எங்க போச்சுன்னு அவனையே கேளு. அந்த தோல் சட்டைய மாட்டி மாட்டி, கழட்டிக் கழட்டி, ஜிப்பு தேஞ்சு போச்சு.

பெயின்டர்: வாரம் பூரா லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் கையில என் பிரேக்கை குடுத்திருக்கேன். வேற எப்படி இருக்கும்?

லிஃப்ட்: டேய், நான் ரிப்பேர் பண்ணுன லிஃப்ட்டுல ஏறுன ஒருத்தரும் இதுவரைக்கும் விழுந்ததில்ல. நான் ரிப்பேர் பண்ணுன வண்டியில ஏறுனவன் நீ ஒருத்தன்தான். நீ மட்டும்தான் விழறே. கோளாறு எங்க இருக்குன்னு நீயே பாத்துக்கோ.

நர்ஸ்: அஞ்சு ரேஸ், அஞ்சு பல்டி. எங்க ஆஸ்பத்திரியில உன் பேரே யாருக்கும் தெரியாது. "பல்டி வந்திருக்கார், பஞ்சு எடுத்து வைங்க"ன்னுதான் சொல்றாங்க.

பெயின்டர்: முதல் தடவ கட்டு போட்டது நீதானே? அன்னிக்கே நல்லா திட்டி அனுப்பியிருக்கலாம். ஞாயித்துக்கிழமை ஆனா இப்படி கிரீஸ் கையோட நிக்க வேண்டியதில்ல.

நர்ஸ்: திட்டத்தான் வந்தேன். இவன் அந்த வண்டிய ஸ்டார்ட் பண்ணிக் காட்டுனான்... நானும் உங்க டீம்ல சேந்துட்டேன், அவ்வளவுதான். போச்சு.

லிஃப்ட்: சரி சரி, கூப்பிட்டுடுவாங்க. ரூலை இன்னொரு தடவ சொல்லு.

பெயின்டர்: எத்தனை தடவடா...

லிஃப்ட்: சொல்லு.

பெயின்டர்: வருஷத்துல ஒரு ரேஸாவது முடிச்சிருக்கணும். இல்லேன்னா அடுத்த வருஷம் லைசென்ஸ் கிடையாது.

நர்ஸ்: முடிக்கிறதுன்னா?

பெயின்டர்: கட்டம் போட்ட கொடிய தாண்டணும். தாண்டுனா மட்டும் போதாது, வண்டி தன் சக்கரத்துல உருண்டு உள்ள வந்து சேரணும். நடுவுல விழுந்து வேன்ல தூக்கிட்டு வந்தா கணக்குல சேராது.

லிஃப்ட்: இந்த வருஷத்துல இன்னும் எத்தனை ரேஸ் பாக்கி?

பெயின்டர்: இது ஒண்ணுதான். போதுமா?

நர்ஸ்: எத்தனாவதா வந்தா என்ன? எல்லாருக்கும் கடைசியா வா. ஆனா வா.

பெயின்டர்: என் பொண்ணும் அதேதான் சொன்னா. ஹெல்மெட்டுல பாரு, வாத்து ஸ்டிக்கர் ஒட்டி விட்டிருக்கா. "வாத்து விழாதுப்பா, பாத்து பாத்து நடக்கும்"ன்னு சொல்லி அனுப்புனா.

லிஃப்ட்: மஞ்சள் ஹெல்மெட்டுல மஞ்சள் வாத்து. தூரத்துலேர்ந்து பாத்தா உன் தலைக்கு மூக்கு முளைச்ச மாதிரி இருக்கு.

நர்ஸ்: எனக்கு ஒண்ணுதான் புரியல. ஏழு ரவுண்டு பூ மாதிரி ஓட்டுற. எட்டாவதுல மட்டும் உனக்கு என்னதான் ஆகுது?

பெயின்டர்: தெரியல சிஸ்டர். எத்தனை ரவுண்டு பாக்கின்னு நீங்க காட்டற போர்டுல '1' பாத்தாப் போதும்... இதுதான் கடைசி, இதுக்குள்ள இன்னும் ஒருத்தனையாவது புடிச்சிடணும்னு... கை தானா முறுக்கிடுது.

லிஃப்ட்: என் வீட்டுக்கு பெயின்ட் அடிச்சப்பவும் இதே கதைதான். மூணு ரூம், சுவத்துல முகம் பாக்கலாம், அப்படி அடிச்சான். கடைசி சுவர், கடைசி மூலை. "இதோ முடிஞ்சுது"ன்னு ஒரு சத்தம் குடுத்தான் பாரு... டப்பா கீழ, இவன் டப்பா மேல.

பெயின்டர்: அது ஏணியோட கோளாறு.

லிஃப்ட்: சோபா இன்னும் பச்சையாத்தான் இருக்கு.

பெயின்டர்: நல்ல பச்சைடா அது... ஒரு நிமிஷம் இருங்க, வந்துடறேன்.

நர்ஸ்: மறுபடியுமா?

பெயின்டர்: டீ...

லிஃப்ட்: ஓடறான் பாரு. இந்த வேகத்தை ட்ராக்குல காட்டுனா நாம எங்கயோ போயிருப்போம்.

நர்ஸ்: போயிட்டானா? கிட்ட வா. ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது.

லிஃப்ட்: என்ன?

நர்ஸ்: சின்னப் பசங்களுக்கு ஊசி போடறப்ப என்ன பண்ணுவோம் தெரியுமா? "மூணு எண்ணுவேன், மூணுலதான் குத்துவேன்"னு சொல்லுவோம். ரெண்டுலயே குத்திடுவோம். மூணுக்காக காத்திருக்கிறவனுக்கு ரெண்டுல உடம்பு இறுகாது. ஊசி போனதே தெரியாது.

லிஃப்ட்: பாவம் பசங்க. அதுக்கும் இதுக்கும் என்ன?

நர்ஸ்: கடைசி ரவுண்டுல அவனுக்கு '1' காட்டாத. '2' காட்டு.

லிஃப்ட்: அது எப்படி?

நர்ஸ்: நடுவுல ஏதாவது ஒரு நம்பரை ரெண்டு தடவ காட்டு. '5' காட்டிட்டு அடுத்த ரவுண்டுலயும் '5'. அவன் எங்க எண்ணப் போறான்? அப்புறம் எல்லாம் ஒண்ணு தள்ளிப் போயிடும். கடைசி ரவுண்டை இன்னும் ரெண்டு இருக்குன்னு நினைச்சுக்கிட்டே ஓட்டிடுவான்.

லிஃப்ட்: போர்டுலயா பொய் சொல்றது? வேணாம் சிஸ்டர். மூணாவது மாடியில நிப்பாட்டிட்டு லிஃப்ட்டுல நாலுன்னு காட்டுனா, ஆளுங்க இறங்கி யார் வீட்டுக் கதவைத் தட்டுவாங்க?

நர்ஸ்: அவன் யார் வீட்டுக் கதவையும் தட்டப் போறதில்ல. கோட்டுல கொடி ஆட்டுவாங்க. பாத்ததும் "அட, முடிஞ்சிடுச்சா"ன்னு முழிப்பான். மெதுவா உருட்டிட்டு உள்ள வந்துடுவான். அவ்வளவுதானே?

லிஃப்ட்: கேக்க நல்லாத்தான் இருக்கு...

நர்ஸ்: லைசென்ஸ் போயிடுச்சுன்னா இந்த மூணு பேரும், இந்த வேனும், இந்த ஞாயித்துக்கிழமையும் எல்லாம் போச்சு. அவன் பழையபடி சுவத்தைப் பாத்துட்டு நிப்பான். நீ கேபிள் பாத்துட்டு நிப்பே. எனக்கு தாங்காதுடா. வெளிப்படையாவே சொல்றேன், எனக்கு தாங்காது.

லிஃப்ட்: வர்றான், வர்றான். சிரி.

பெயின்டர்: என்ன ரெண்டு பேரும் பல்லைக் காட்டிட்டு நிக்கிறீங்க?

லிஃப்ட்: ஒண்ணுமில்ல. ஜிப்பைப் போடு.

பெயின்டர்: டேய், போர்டை நல்லா தள்ளிப் புடி, சரியா? போன தடவ சிஸ்டர் முழங்கை மறைச்சிடுச்சு. ஹெல்மெட்டுக்குள்ள போயிட்டா எனக்கு ஒண்ணும் கேக்காது. காத்து மட்டும்தான். யார் எங்க இருக்கான், எவ்வளவு பாக்கி, ஒரு எழவும் தெரியாது. நீங்க நிக்கிற சுவர் பக்கம் வர்றப்ப உங்க ரெண்டு பேரையும் அந்த போர்டையும் பாப்பேன் பாரு... அது ஒண்ணுதான் எனக்கு துணை.

லிஃப்ட்: சிஸ்டர், கேட்டியா இவன் சொல்றதை?

பெயின்டர்: என்னடா?

லிஃப்ட்: ஒண்ணுமில்லடா. தள்ளியே புடிக்கிறேன். போ.

*

நர்ஸ்: எங்க, எங்க, எனக்கு ஒண்ணும் தெரியல.

லிஃப்ட்: விளக்கு இன்னும் சிவப்புதான். கடைசி வரிசையில பாரு. வாத்து.

நர்ஸ்: ஆமா, வாத்து. தலையை ஆட்டறான். எதுக்கு தலையை ஆட்டறான்?

லிஃப்ட்: கும்பிடறதுக்கு கை ஓய்வா இல்ல.

நர்ஸ்: விளக்கு போச்சு, போயிட்டாங்க, போயிட்டாங்க, டேய் போயிட்டாங்கடா.

லிஃப்ட்: காதுல கத்தாத. நானும் இங்கதான் நிக்கிறேன்.

நர்ஸ்: நல்லா எடுத்தான், பாத்தியா? ரெண்டு பேரைத் தாண்டிட்டான். மூணு பேரு...

லிஃப்ட்: கிளட்ச்சை யார் செட் பண்ணுனது? சொல்லு, யார் செட் பண்ணுனது?

நர்ஸ்: நீதான்ப்பா சாமி. போர்டை எடு. '7' மாட்டு.

லிஃப்ட்: மாட்டியாச்சு. தலையைக் குனி, உன் கொண்டை மறைக்குது. வர்றான்... பாத்தான், பாத்தான். தலையை அசைச்சான்.

நர்ஸ்: அவனுக்கு முன்னாடி போறது யாரு, பச்சை வண்டி?

லிஃப்ட்: பேக்கரிக்காரர். போன ரேஸ்ல இவன் விழுந்தப்ப பக்கத்துலேர்ந்து ஜல்லி தெறிச்சு அவர் மேல பட்டுச்சே, அவரேதான். நல்ல மனுஷன். அப்புறமா பன் குடுத்து அனுப்புனார்.

நர்ஸ்: '6' மாட்டு. வர்றான்.

லிஃப்ட்: காட்டியாச்சு.

நர்ஸ்: அடுத்தது '5'. அதுக்கு அடுத்தது...

லிஃப்ட்: தெரியும். என்கிட்ட சொல்லாத.

நர்ஸ்: இவன் எப்பவும் பல்டி அடிக்கிற முக்குல பாரு. ஒவ்வொரு ரவுண்டுலயும் எவ்வளவு அழகா திரும்பறான். முழங்கால் தரையில தொடுதுடா. கோடு போட்ட மாதிரி போறான்.

லிஃப்ட்: சுவத்து ஓரம் அடிக்கிற கை அது. கோடு கோணாது. கடைசி மூலை வராத வரைக்கும்.

நர்ஸ்: '5'.

லிஃப்ட்: காட்டியாச்சு... இப்ப அடுத்தது... அதே '5'. சிஸ்டர், அவன் கண்டுபுடிச்சிட்டா?

நர்ஸ்: கண்டுபுடிக்க மாட்டான். புடி. நேரா புடி.

லிஃப்ட்: பாத்துட்டான். தலையை அசைச்சிட்டான். ஒண்ணும் கேக்காம தலையை அசைச்சிட்டான் சிஸ்டர்.

நர்ஸ்: பின்ன, நின்னு கணக்கு கேப்பானா? பேக்கரிக்காரர் கிட்ட போயிட்டான் பாரு. கிட்ட... கிட்ட...

லிஃப்ட்: அவசரப்படாதடா, அவசரப்படாதடா, இன்னும் நிறைய இருக்குடா.

நர்ஸ்: அவனுக்கு இருக்கு. நமக்கு இல்ல. '4' காட்டு. அப்புறம் '3'.

லிஃப்ட்: காட்டறேன், காட்டறேன். பேசாம இரு.

நர்ஸ்: இதுதாண்டா கடைசி. '2' எடு. கையில எடுத்தியா?

லிஃப்ட்: எடுத்தேன். வர்றான். இந்தா பாத்துக்கோடா, ரெண்டு, இன்னும் ரெண்டு, ஒண்ணும் அவசரமில்ல, ஆற அமர போ...

நர்ஸ்: பாத்தான். போயிட்டான். குனிஞ்சு அமைதியா போறான். முறுக்கவே இல்ல. நீ கேட்டியா சத்தத்தை? ஒரே சீரா போகுது.

லிஃப்ட்: எனக்கு என் நெஞ்சுதான் கேக்குது.

நர்ஸ்: என் கையைப் புடிச்சு நசுக்காத. நாளைக்கு இதை வெச்சுதான் ஊசி போடணும்.

லிஃப்ட்: பேக்கரிக்காரர் வெளிய அகலமா போறாரு. இவன் உள்ள வர்றான்... உள்ள... தாண்டிட்டான். எவ்வளவு பதமா தாண்டுனான் பாத்தியா?

நர்ஸ்: பல்டி முக்கு. நான் கண்ணை மூடிக்கிறேன். நீ பாத்துச் சொல்லு.

லிஃப்ட்: நானும் மூடியிருக்கேன்.

நர்ஸ்: டேய்!

லிஃப்ட்: தாண்டிட்டான். தாண்டிட்டான் சிஸ்டர். நிமிர்ந்துட்டான். நேர் ரோட்டுல வர்றான். வாத்து வருது, வாத்து வருது...

நர்ஸ்: கொடி ஆட்டறாங்க. கொடி. முடிச்சிட்டான். முடிச்சிட்டான்டா. ஐயோ, நான் அழறேன். என்னைப் பாக்காத.

லிஃப்ட்: பதினொண்ணாவது. இந்தப் பயலுக்கு பதினொண்ணாவது இடம். நான் இன்னிக்கு யாருக்கு வேணும்னாலும் சும்மாவே லிஃப்ட் ரிப்பேர் பண்ணித் தர்றேன்.

நர்ஸ்: ஏன் இவன் மெதுவா போகல?

லிஃப்ட்: என்ன?

நர்ஸ்: எல்லாரும் நிமிர்ந்து உக்காந்து கையாட்டிட்டுப் போறாங்க. இவன் மட்டும் இன்னும் குனிஞ்சிருக்கான். டேய், இவன் முறுக்கறான்.

லிஃப்ட்: கொடிய பாக்கலையா...

நர்ஸ்: உன் கையில என்ன?

லிஃப்ட்: போர்டு.

நர்ஸ்: போர்டுல என்ன?

லிஃப்ட்: ஒண்ணு.

நர்ஸ்: '1' எதுக்குடா மாட்டுன?

லிஃப்ட்: பழக்கம்... ரெண்டுக்கு அடுத்து ஒண்ணு... கை தானா எடுத்து மாட்டிடுச்சு. அவன் வர்றப்ப தூக்கிப் புடிச்சேன் போல இருக்கு. நான் குதிச்சிட்டு இருந்தேன் சிஸ்டர், எனக்கு தெரியாது.

நர்ஸ்: அப்ப அவன் இப்ப கடைசி ரவுண்டு ஓட்டறான். அவன் கணக்குல.

லிஃப்ட்: கை தானா முறுக்கிக்கிற ரவுண்டு.

நர்ஸ்: விழுந்தா?

லிஃப்ட்: விழுந்தா வேன்ல வரும். முடிச்சதா கணக்கே இல்ல.

நர்ஸ்: ஐயோ, ஏதாவது பண்ணுடா. கத்து. போர்டை ஆட்டு.

லிஃப்ட்: அந்தக் கோடியில இருக்கான். யாருக்கு ஆட்டறது? பாரு, ஒவ்வொருத்தரா தாண்டறான். அவங்க வீட்டு ஆளுங்களுக்கு டாட்டா காட்டிட்டிருக்காங்க, இவன் ராக்கெட் மாதிரி வெளிப்பக்கமா போறான்.

நர்ஸ்: பல்டி முக்கு வருது. இந்தத் தடவ கண்ணை மூட மாட்டேன். மெதுவா... மெதுவாடா என் ராசா...

லிஃப்ட்: பின் சக்கரம் போச்சு.

நர்ஸ்: போச்சா?

லிஃப்ட்: போகுது... போகுது... காலை ஊனிட்டான்... வண்டி ஆடுது... புடிச்சிட்டான். புடிச்சிட்டான். வண்டிய தூக்கி நிறுத்திட்டான் சிஸ்டர்.

நர்ஸ்: எனக்கு உக்கார இடம் குடு.

*

பெயின்டர்: பாத்தீங்களா? பாத்தீங்களா ரெண்டு பேரும்? ஒரே ரவுண்டுல எல்லாரையும் தாண்டிட்டேன். முன்னாடி ஆளே இல்ல. நான்தான்டா முதல். ஹெல்மெட்டைக் கழட்டி விடுங்க, மூச்சு முட்டுது.

லிஃப்ட்: உக்காருடா.

பெயின்டர்: உக்காரவா? இன்னிக்கா? பின் சக்கரம் போச்சுல்ல, எப்படிப் புடிச்சேன்? அஞ்சு தடவ விழுந்த அதே இடம்டா. எனக்கே தெரியல எப்படிப் புடிச்சேன்னு. என்ன, ரெண்டு பேரும் இழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?

நர்ஸ்: ரேஸ் அதுக்கு முந்தின ரவுண்டுலயே முடிஞ்சிடுச்சுப்பா.

பெயின்டர்: என்ன முடிஞ்சிடுச்சு?

நர்ஸ்: கொடி ஆட்டியாச்சு. நீ தாண்டுனவங்க எல்லாம் சும்மா திரும்பி வந்துட்டிருந்தவங்க.

லிஃப்ட்: நீ கொடிய பாக்கல?

பெயின்டர்: ...கொடியா? இல்லடா. பாக்கல.

நர்ஸ்: எப்படிடா பாக்காம போவே?

பெயின்டர்: ஹெல்மெட் கண்ணாடி மேல எண்ணெய் தெறிச்சிருந்துச்சு... முன்னாடி போன வண்டியிலேர்ந்து. ஒண்ணும் தெரியல. அப்ப நான் எத்தனாவது?

லிஃப்ட்: பதினொண்ணு.

பெயின்டர்: பதினொண்ணா? முடிச்சிட்டு பதினொண்ணா? அதுவே... டேய், அது யாரு, என்னைத்தான் கை காட்டறாரா?

நர்ஸ்: ரேஸ் அதிகாரி. உன்னைத்தான் கூப்பிடறாரு. கொடிக்கு அப்புறம் வேகமா போனா சும்மா விடமாட்டாங்க.

பெயின்டர்: போயிட்டு வர்றேன். வண்டி தன் சக்கரத்துலதானே வந்துச்சு? ஸ்டாண்டு போட்டு வைங்க. யாரும் அதைக் கீழ தள்ளிடாதீங்க.

லிஃப்ட்: ...போறான். அதிகாரி ரூம் கதவை சாத்திட்டாங்க.

நர்ஸ்: ரிசல்ட்டை ரத்து பண்ணிடுவாங்களா?

லிஃப்ட்: பண்ணலாம். நாம பண்ணுன வேலைக்கு அவன் லைசென்ஸ் போகுது. நான் அப்பவே சொன்னேன், போர்டுல பொய் வேணாம்னு...

நர்ஸ்: சொன்ன. நான்தான் கேக்கல. எழுந்திரு.

லிஃப்ட்: எங்க?

நர்ஸ்: உள்ள. போர்டையும் எடுத்துக்க. அந்த '1' அதுலயே இருக்கட்டும். கழட்டாத.

*

பெயின்டர்: தூக்கு, தூக்கு... இன்னும் கொஞ்சம். வேன் கதவுல ஹேண்டில் இடிக்குது.

லிஃப்ட்: வந்துடுச்சு. கட்டு, கயிறை இறுக்கு.

பெயின்டர்: எனக்கு இன்னும் சிரிப்பு அடங்கல. அந்த அதிகாரி தலையில கை வெச்சு உக்காந்துட்டாருல்ல? நான் சொல்றேன், "எண்ணெய் தெறிச்சு கொடி தெரியல சார், என் தப்புதான்"னு. நீங்க ரெண்டு பேரும் கதவைத் தள்ளிட்டு வந்து, "எங்க தப்பு சார், போர்டுதான் தப்பு"ங்கறீங்க.

லிஃப்ட்: "தப்பை ஒத்துக்க இப்படி அடிச்சுக்கிற கூட்டத்தை நான் பாத்ததே இல்ல"ன்னாரு பாரு.

நர்ஸ்: வெளிப்பக்கமா தாண்டுனதால தப்பிச்சே. யாருக்கும் ஆபத்து வரலையாம். ஒரு எச்சரிக்கையோட விட்டுட்டாரு. பதினொண்ணு பதினொண்ணுதான்.

பெயின்டர்: லைசென்ஸ் லைசென்ஸ்தான். என் பொண்ணுக்கு போன் பண்ணிட்டேன். வாத்துக்கு ஒரு முத்தம் குடுக்கச் சொன்னா. ஹெல்மெட்டை இந்தப் பக்கம் குடு சிஸ்டர்.

நர்ஸ்: முதல்ல நான் ஒண்ணு சொல்லணும். அவர்கிட்ட "நம்பரை தப்பா மாட்டிட்டோம்"னு சொன்னோமே... அது தப்பா மாட்டுனது இல்ல. வேணும்னே பண்ணுனோம். யோசனை என்னோடது.

லிஃப்ட்: கை என்னோடது.

நர்ஸ்: கடைசி ரவுண்டுன்னு தெரிஞ்சா விழுந்துடுவேன்னு... ஊசி போடறப்ப ரெண்டுலயே குத்தற மாதிரி... நீ எங்களை நாலு திட்டு திட்டிடு. எனக்கு பாரம் குறையும்.

பெயின்டர்: எதுக்கு திட்டணும்? முடிச்சிட்டேன்ல? அந்த முக்குல நிஜமாவே கடைசின்னு நினைச்சு போயும் விழலையே. அது உங்களாலதானே எனக்குத் தெரிஞ்சுது?

லிஃப்ட்: சோபாவை மன்னிச்சிட்டேன்டா. போ.

பெயின்டர்: ஹெல்மெட்டு.

நர்ஸ்: இந்தா. ஆனா ஒண்ணு. இந்தக் கண்ணாடிய காலையில நான்தான் துடைச்சேன். இப்பவும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். ஒரு பொட்டு எண்ணெய் இல்ல. உண்மையைச் சொல்லு... கொடி உனக்கு தெரியவே இல்லையா?

பெயின்டர்: தெரிஞ்சுது சிஸ்டர். பளிச்சுன்னு தெரிஞ்சுது. பக்கத்துலயே உங்க ரெண்டு பேரோட போர்டும் '1'ன்னு தெரிஞ்சுது... பாவம், கொடி ஆட்டறவர்தான் தப்பா எண்ணிட்டாருன்னு நினைச்சேன்.